வீட்டுக்கு ரோஸ் கலர் அடிக்கலாமா? சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிச்சுவருக்கு ரோஸ் அடிக்கலாமா என்று கேட்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு, யாராவது ஒருவர் "அடிங்க" என்று சொல்லக் காத்திருப்பவர்கள். மீதிப்பேர் அடித்துவிட்டுத் தலையில் கைவைத்து நிற்பவர்கள். இரண்டு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

பிங்க்னா எந்த பிங்க்? கடையில அட்டையைப் பிரிச்சா நூறு காட்டுறாங்க.

அட்டையை மூடிவிட்டுப் புடவைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ராணி பிங்க், வாடாமல்லி, பஞ்சுமிட்டாய், வெங்காயச் சருகு, காவி கலந்த ரோஸ். இந்த ஐந்துக்குள் எல்லா பிங்க்கும் அடங்கிவிடும். முதல் மூன்றில் நீலச் சாயல் உண்டு. கடைசி இரண்டில் மண்ணும் மஞ்சளும் கலந்திருக்கும்.

வீட்டின் வெளிச்சுவருக்குக் கடைசி இரண்டைத்தான் சொல்வோம். சென்னையின் நடுப்பகல் வெளிச்சத்தில் நீலச் சாயல் உள்ள ரோஸ் பளீரென்று அடிக்கும். வெங்காயச் சருகு நிறம் அதே வெயிலில் கனிந்து தெரியும். எழும்பூர் ரயில் நிலையம், சென்ட்ரல், 1892-ல் திறந்த உயர் நீதிமன்றம் எல்லாமே செங்கல் சிவப்பும் வெள்ளையும்தான். அந்தச் சிவப்பில் பல பங்கு வெள்ளையைச் சேர்த்தால் வருகிற நிறம் நம் ஊர் வெயிலுக்குப் பழகிய நிறம். வாடாமல்லி வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் கதவுக்கோ கேட்டுக்கோ அடித்துக்கொள்ளுங்கள், சுவரை விட்டுவிடுங்கள்.

ஜெய்ப்பூர் பிங்க் கேட்டேன், கடைக்காரர் செங்கல் கலரைக் காட்டுறாரே?

அவர் சரியாகத்தான் காட்டுகிறார். 1876-ல் வேல்ஸ் இளவரசரின் வருகைக்காக ஜெய்ப்பூருக்கு அடித்த நிறம் பஞ்சுமிட்டாய் ரோஸ் அல்ல, காவிக்குப் பக்கத்து நிறம். போட்டோவில், அதுவும் மாலை வெயிலில் எடுத்த போட்டோவில், இன்னும் ரோஸாகத் தெரியும். போனில் இருக்கும் படத்தைக் காட்டி நிறம் வாங்காதீர்கள்.

வீடு பூரா ரோஸ்னா கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடாதா?

ஆகும், ஒரே அடர்த்தியில் தரையிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை இழுத்தால். ரோஸ் வீட்டை அழகாக்குவது அதைச் சுற்றி நிற்கும் வெள்ளை. ஜன்னலைச் சுற்றி நாலு அங்குலப் பட்டை, சன்ஷேடின் விளிம்பு, மாடிக் கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதி இவற்றை வெள்ளையில் விடுங்கள். காவி பார்டர் போட்ட மாக்கோலம் ஏன் கண்ணுக்கு இதமாக இருக்கிறதோ, அதே கணக்கு இங்கே தலைகீழாக.

கீழே தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடிக்கு, பேஸ்மென்ட் மட்டம் வரை, அடர் சாம்பலோ செங்கல் காவியோ கொடுங்கள். மழையில் தெருச்சேறு தெறிக்கும் உயரம் அதுதான். வெளிர் ரோஸில் அந்தச் சேறு ஒரே ஐப்பசியில் ஊறிப்போகும். கதவு தேக்கு நிறத்திலேயே இருக்கட்டும். கிரில்லுக்குக் கறுப்புக்குப் பக்கத்துச் சாம்பல் அல்லது பாட்டில் பச்சை. கிரில்லுக்கும் ரோஸ் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தை வெளிமூலையில் வைக்காதீர்கள். சுவர் உள்ளே மடங்கும் மூலையில் முடித்தால் கோடு நேராக விழும், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் ஒட்டுப்போட்டது போல இருக்காது.

அட்டையில பார்த்தது ஒண்ணு, சுவத்துல வந்தது ஒண்ணு. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. இரண்டு அங்குலத் துண்டில் மங்கலாகத் தெரியும் நிறம், இருபது அடிச் சுவரில் இரண்டு மடங்கு அழுத்தமாகத் தெரியும். கடைக்குள் டியூப்லைட், வெளியே வெயில். போதாக்குறைக்கு ரோஸ் சுவர் பக்கத்து ரோஸ் சுவரின் மேல் தன் நிறத்தைத் தெறிக்கும். 'எல்' வடிவ மூலையில் இதை நன்றாகப் பார்க்கலாம். ஆகவே அட்டையில் பிடித்த நிறத்துக்கு இரண்டு கட்டம் வெளிறியதை எடுங்கள். "இது வெள்ளை மாதிரியே இருக்கே" என்று வீட்டில் யாராவது குறை சொன்னால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

எடுத்ததும் 20 லிட்டர் கலக்கச் சொல்லாதீர்கள். ஒரு லிட்டர் மட்டும் கலக்கி, மேற்குச் சுவரில் ஒன்று, நிழலான சுவரில் ஒன்று என்று மூன்றடிக்கு மூன்றடி கட்டம் அடியுங்கள். முதலில் பிரைமர், அதன் மேல் இரண்டு கோட். கட்டத்தைச் சுற்றி அரையடி வெள்ளைப் பிரைமரை அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் பழைய பச்சையோ மஞ்சளோ கண்ணைக் குழப்பும். ஒரு நாள் காய்ந்த பிறகு காலை ஏழு மணி, மதியம் ஒன்று, மாலை ஆறு, ராத்திரி தெருவிளக்கு வெளிச்சம் என்று நாலு முறை பாருங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். காய்ந்தால் நிறம் மாறும்.

சென்னை வெயில்ல ரோஸ் ரெண்டே வருஷத்துல வெளுத்துடும்கிறாங்களே?

எந்த நிறமியால் அந்த ரோஸ் உண்டானது என்பதைப் பொறுத்தது. ரெட் ஆக்சைடு, அதாவது இரும்புத் துரு வகைச் சிவப்பு, வெயிலுக்கு அசையாது. கோயில் மதிலின் காவிப் பட்டையும் அந்த இனம்தான். வெங்காய நிறமும் காவி ரோஸும் பெரும்பாலும் இதிலிருந்தே வரும். பளிச்சென்ற ரோஸுக்குக் கரிம வகைச் சிவப்பு நிறமிகள் வேண்டும். அவற்றில் குயினாக்ரிடோன் போன்றவை நன்றாகத் தாங்கும், விலையும் அதிகம். மற்ற பல வகைகள் அடர் நிறத்தில் நின்றாலும், வெள்ளையில் துளியளவு கலந்தால் சீக்கிரம் போய்விடும். ஒரு வாளி வெளிர் ரோஸில் கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளை, நிறமி கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் வெளுத்தால் மிஞ்ச என்ன இருக்கிறது?

கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். "இந்த ஷேட் எக்ஸ்டீரியருக்கு உண்டா?" முதல் கேள்வி, உள்சுவருக்கு மட்டும் என்று ஒதுக்கிய ஷேடுகள் அட்டையிலேயே இருக்கும். "இதில் எந்தக் கலரன்ட் எத்தனை மில்லி விழுது, ஆக்சைடா?" இரண்டாவது. கலக்கும் மிஷின் திரையிலேயே அந்தக் கணக்கு வரும். ரோஸுக்கு ஆக்சைடு எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆயுள்.

பெசன்ட் நகர்ல, கடலுக்குப் பக்கத்துல வீடு. அதனால ஏதாவது?

உப்புக்காற்று ரோஸை ஒன்றும் செய்யாது, கம்பியைத்தான் தின்னும். சன்ஷேட், பால்கனி அடிப்பகுதியில் துருப்பிடித்த கம்பி வீங்கி சிமென்ட் வெடித்தால், அந்தத் துரு வழிந்து ரோஸ் மேல் பழுப்புக் கோடாக இறங்கும். திருவான்மியூர், ராயபுரம், காசிமேடு பக்கமும் இதே கதை. வெடிப்பைத் தட்டி, கம்பியைத் துரு நீக்கி, துருத்தடுப்பு பூசி, பாலிமர் சாந்தால் அடைத்த பிறகுதான் பெயின்ட். ஜன்னல் கம்பிகளையும் சேர்த்துப் பாருங்கள். சுவரில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவாமல் பிரைமர் அடித்தால் ஒட்டாது.

எந்த மாசத்துல வேலையை ஆரம்பிக்கலாம்?

பொங்கல் கழிந்து சித்திரை வரை. வடகிழக்குப் பருவமழையில் குடித்த தண்ணீரைச் சுவர் தை மாதத்தில்தான் விடத் தொடங்கும். தீபாவளிக்கு வீடு புதுசாகத் தெரிய வேண்டும் என்று ஐப்பசியில் வெளிச்சுவருக்குச் சாரம் கட்டுவது சென்னையில் வருடாவருடம் நடக்கிற தவறு. கத்திரி வெயிலிலும் சிக்கல் உண்டு: சூடான சுவரில் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து, ரோலர் தடம் தடமாக நிற்கும். அந்த மாதத்தில் அடித்தே ஆக வேண்டும் என்றால் காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர் என்று நிழலோடு நகருங்கள். ஆடி, ஆவணியில் மாலை மழை வரும். கடைசி கோட்டை மதியம் ஒரு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

புது வீடு. பூசி ஒரு மாசம் ஆச்சு. கிரகப்பிரவேசம் பக்கத்துல இருக்கு. நேரா எமல்ஷன் அடிக்கலாமா?

சிமென்ட் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் என்பது கணக்கு. அதில் நீங்கள் தண்ணீர் விட்ட நாட்களும் சேர்ந்திருக்கும், ஆகவே அதற்கு மேலும் காய விடுவது நல்லது. புதுப்பூச்சில் காரம் அதிகம். அது சில சிவப்பு நிறமிகளை அரித்து, சுவரில் வெளிறிய திட்டுத்திட்டாக விட்டுவிடும். வெள்ளை அடித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, ரோஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு சோதனை போதும். ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரவு முழுக்க விடுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. அடுத்தது, மறைவான மூலையில் சுவரை நனைத்துக் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் தடவுங்கள். மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் ஆரத்தித் தட்டில் என்ன நடக்குமோ அதுதான் இங்கும். உடனே ரத்தச் சிவப்பானால் காரம் பலமாக இருக்கிறது, பொறுங்கள். மஞ்சளாகவோ லேசான ஆரஞ்சாகவோ நின்றால் காரத்தைத் தாங்கும் எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

கிரகப்பிரவேசம் தள்ள முடியாதா? பிரைமர் மட்டும் அடித்து வெள்ளையாக விட்டு விசேஷத்தை முடியுங்கள். மாவிலைத் தோரணத்துக்கு வெள்ளைச் சுவர் எடுப்பாகவே இருக்கும்.

பழைய சுவர். சிமென்ட் பெயின்ட் இருக்கு, மேல் பக்கம் கரும்பாசி. அப்படியே மேல அடிச்சா நிக்குமா?

உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு ஒட்டினால் நிற்காது; நீங்கள் அடிக்கும் எமல்ஷன் அந்த மாவின் மேல்தான் ஒட்டும், சுவரின் மேல் இல்லை. முதலில் சுரண்டி, கம்பி பிரஷ் போட வேண்டும். பாசி இருக்கும் இடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் வரை பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரைப் பூசி, ஆறேழு மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அதோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். பாசியைச் சாகடிக்காமல் மேலே அடித்தால் அடுத்த மழைக்குள் ரோஸ் வழியாகக் கறுப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும்.

பிறகு வெடிப்புகள். முடி போன்ற வெடிப்பைப் பிரைமரும் எமல்ஷனும் மூடும். அதைவிடப் பெரிதானால் 'வி' வடிவில் கீறி, தூசி தட்டி, கிராக் ஃபில்லர். பட்டி பார்ப்பதானால் ஒயிட் சிமென்ட் பட்டி மட்டும், அதுவும் மெல்லிசாக. உள்சுவருக்கான பட்டியில் மிச்சம் இருக்கிறது என்று வெளியே இழுத்துவிடும் பெயின்டர் உண்டு. மழையில் அது ஊறிப் பாளம் பாளமாகக் கழன்று வரும். கழுவிய சுவர் இரண்டு மூன்று நாள் வெயில் பட்ட பிறகு பிரைமர்.

பழைய நிறம் பச்சையா? இன்னொரு கோட் பிரைமருக்குக் காசு ஒதுக்குங்கள். பச்சையும் சிவப்பும் எதிரெதிர் நிறங்கள். அடியில் பச்சை கொஞ்சம் தெரிந்தாலும் மேலே ரோஸ் அழுக்கு நிறமாகத்தான் விழும்.

எத்தனை லிட்டர் வாங்கணும்? பெயின்டர் சொல்ற கணக்கை நம்பலாமா?

நீங்களே போடலாம். அரை கிரவுண்டு மனையில் வெளிப்புறம் 24 அடிக்கு 38 அடி, தரைத்தளமும் மாடியும் உள்ள வீடு என்று வையுங்கள். சுற்றளவு 124 அடி. கைப்பிடிச் சுவர் வரை உயரம் 24 அடி. பெருக்கினால் 2,976 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 15 சதவீதம் கழித்தால் ஏறக்குறைய 2,530. கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் மூன்றடி உயரத்துக்கு 372. மொத்தம் சுமார் 2,900.

ஓரளவு மட்டமான பூச்சில் எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 சதுர அடி போகும் என்று வைத்தால் 58 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளி மூன்று. சொரசொரப்பான சுவர் என்றால் 40 சதுர அடிதான் போகும்; 70 லிட்டரைத் தாண்டும். பிரைமர் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 90 என்று 32 லிட்டர். மேலே சொன்ன பார்டர் போடுவதானால் மொத்த எமல்ஷனில் பத்தில் ஒரு பங்கை வெள்ளையாக வாங்குங்கள்.

ஒரு சுவர் அடர்த்தியா, ஒரு சுவர் வெளிறி வந்திருக்கு. ஒரே ஷேட்தானே வாங்கினோம்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். வாளிக்கு வாளி கலவையில் மயிரிழை வித்தியாசம் வரும். ஒரு கோட்டுக்கு வேண்டிய வாளிகளைப் பெரிய டிரம்மில் ஒன்றாகக் கொட்டிக் கிளறிவிட்டு அடித்தால் அது மறையும். இரண்டாவது, தண்ணீர். டப்பாவில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு மக் ஊற்றினால் பிரஷ் இழுக்கச் சுகமாக இருக்கும், சுவர் மறையாது. அளவுக் குவளை வைத்து ஊற்றச் சொல்லுங்கள். "கண்ணாலேயே தெரியும் சார்" என்பதை ஏற்காதீர்கள்.

மூன்றாவதுதான் மோசம். ரோஸ் குறைந்துபோய், வெள்ளை வாளியில் ஸ்டெயினர் பாட்டிலைக் கையால் பிழிந்து நிறம் சேர்ப்பது. அதே நிறம் கையில் மறுபடி வரவே வராது. குறைந்தால் பாதிச் சுவரில் நிறுத்தாமல் ஒரு மூலையில் நிறுத்துங்கள், அதே ஷேட் எண்ணில் மிஷின் கலவை வாங்கி அந்த மூலையிலிருந்து தொடருங்கள்.

அடிச்ச மறுநாளே மழை. இப்போ பளபளன்னு ஒழுகின தடம் தெரியுது. போச்சா?

போகவில்லை. எமல்ஷன் முழுதாக இறுகுவதற்குள் ஈரம் பட்டால் அதில் உள்ள சோப்பு போன்ற சேர்மானம் மேலே வந்து வழியும். வெளிர் நிறத்தைவிட அழுத்தமான ரோஸில் இது நன்றாகத் தெரியும். சுரண்டாதீர்கள், மேலே அடிக்கவும் வேண்டாம். சில நாள் காயவிட்டு நல்ல தண்ணீரால் மென்மையாகக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். கைவைத்தால் மாவாக உதிரும் வெள்ளைப் பூப்பு என்றால் அது வேறு. சுவருக்குள் ஈரம் இருந்து உப்புப் பூக்கிறது. குளியலறைக் குழாய் கசிவைத் தேடுங்கள்.

கறுப்புக் கோடுகள் என்றால் மேலே பாருங்கள். சன்ஷேடின் அடியில், விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தண்ணீர் சொட்டிவிடும் காடி இல்லாமல் பூசியிருப்பார்கள். நீர் விளிம்பைச் சுற்றி உள்ளே ஓடிச் சுவரில் இறங்குகிறது. ஏசியின் வடிகுழாயைச் சுவரிலேயே விட்டிருப்பதும் அடிக்கடி காணும் காட்சி.

வெளிய ரோஸ் அடிச்சா ரூமுக்குள்ளயும் ரோஸ் அடிக்குமா? பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். இடைவெளி மூன்றடி உள்ள சந்தில் உங்கள் சுவரில் பட்ட வெயில் நேராக அவர் ஜன்னலுக்குள் போகும்; அவர் வீட்டு வெள்ளை டைல்ஸ் ரோஸாகும். சந்துப் பக்கச் சுவர்களுக்கு மட்டும் வெள்ளையோ, அதே ரோஸில் இன்னும் வெளிறியதோ அடியுங்கள். தெருவிலிருந்து யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை, பெயின்ட் செலவும் குறையும். வெளிர் ரோஸும் வெயிலை நன்றாகவே திருப்பி அனுப்பும் என்பதால் வீடு சூடாகுமோ என்ற பயம் வேண்டாம். மொட்டைமாடித் தரைக்கு மட்டும் வெள்ளைக் குளிர்ப்பூச்சு. அங்கே ரோஸ் வேண்டாம்.

அபார்ட்மென்ட்ல எங்க பால்கனிக்கு மட்டும் அடிக்கலாமா?

வெளிச்சுவர் எல்லாருக்கும் பொது. சங்கத்தில் எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பால்கனியின் கூரை அடிப்பகுதிக்கு அடிக்கலாமா என்று கேளுங்கள். வெளியே அதிகம் தெரியாது, சாயங்காலம் உட்கார்ந்தால் மேலிருந்து வெளிச்சம் இளஞ்சிவப்பாக இறங்கும்.

எமல்ஷன் வேண்டாம், சுண்ணாம்புலயே ரோஸ் வருமா?

வரும், அதுவும் எமல்ஷனில் கிடைக்காத ஒரு மங்கலான, மாவு பூத்த ரோஸ். ஆனால் சுவரில் ஏற்கெனவே எமல்ஷன் இருந்தால் சுண்ணாம்பு பிடிக்காது. பழைய சுண்ணாம்புச் சுவர், பெயின்ட் அடிக்காத சிமென்ட் பூச்சு, செங்கல் இவற்றுக்குத்தான்.

நீறாத கல்சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் போட்டு, குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். ஒரு நாள் ஊறவிட்டு முரட்டுத் துணியில் வடிகட்டுங்கள். கிலோவுக்கு 130 கிராம் உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் கோந்தும். வெள்ளையடிக்கும் பழக்கத்தில் நீலம் போட்டுவிடாதீர்கள், ரோஸ் செத்துவிடும். ரெட் ஆக்சைடு தூளைத் தனியாகத் தண்ணீரில் குழைத்து, கிலோ சுண்ணாம்புக்கு 20 கிராமில் தொடங்கிச் சேருங்கள். ஈரத்தில் செங்கல் போலத் தெரிவது காய்ந்தால் பல மடங்கு வெளிறும், அதனால் சுவரில் தடவி மறுநாள் பார்த்துவிட்டு அளவைக் கூட்டுங்கள். குங்குமம், கேசரிப்பவுடர் எல்லாம் காரத்திலும் வெயிலிலும் நிற்காது.

மூன்று கோட், ஒன்று மேலும் கீழுமாக, அடுத்தது குறுக்காக. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். திண்ணை உள்ள வீட்டுக்கு யோசித்துச் செய்யுங்கள்.

ஏசி மாட்ட ஓட்டை போட்டாங்க. அந்த இடத்துல மட்டும் அடிச்சா திட்டா தெரியுதே?

தெரியத்தான் செய்யும். வெயிலில் இரண்டு வருடம் நின்ற ரோஸும் டப்பாவில் மூடியிருந்த ரோஸும் ஒன்றல்ல. ஓட்டையை அடைத்து, அங்கே பிரைமர் கொடுத்து, அந்தச் சுவர்ப்பகுதியை ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை முழுதாக ஒரு கோட் அடியுங்கள். மேலும் கீழும் வெள்ளைப் பட்டை இருந்தால் அதுவே எல்லை. பார்டர் போடச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

வேலை முடிந்த அன்றே ஒரு லிட்டரைக் காற்றுப் புகாத டப்பாவில் நிழலில் எடுத்து வையுங்கள். ஷேட் எண், பெயின்டின் ரகம், வாங்கிய தேதி மூன்றையும் மார்க்கர் பேனாவால் ஈபி மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் எழுதிவிடுங்கள். பில் தொலைந்துபோகும், மீட்டர் பெட்டி அங்கேயே இருக்கும்.